இடுப்பு மூட்டுக் குருத்தெலும்புச் சீரமைப்பு

இடுப்பு மூட்டுக் குருத்தெலும்புச் சீரமைப்பு என்பது, தொடையெலும்பின் தலையும் இடுப்பெலும்பின் கிண்ணக்குழியும் சேரும் மூட்டில் சிதைந்துபோன குருத்தெலும்பை ஒட்டியோ, புதிய திசுவை வளரச் செய்தோ, வேறிடத்திலிருந்து எடுத்துப் பதித்தோ சரிசெய்யும் அறுவைச் சிகிச்சை முறைகளின் பொதுப்பெயர் ஆகும். தேய்ந்த மூட்டை நீக்கிவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்தும் முழு இடுப்பு மூட்டு மாற்று அறுவையிலிருந்து இது வேறுபட்டது. நோயாளியின் சொந்த மூட்டைக் காப்பாற்றுவதே இதன் நோக்கம்.

இம்முறைகளில் பெரும்பாலானவை முதலில் முழங்காலுக்காக உருவாக்கப்பட்டு, பின்னர் இடுப்புக்குக் கொண்டுவரப்பட்டவை. ஆனால் இடுப்பு மூட்டு முழங்காலைவிட ஆழத்தில் அமைந்தது, குருத்தெலும்பும் மெல்லியது. மேலும், இங்கு குருத்தெலும்பு சேதமடைவதற்குப் பல நேரங்களில் எலும்பின் வடிவமே காரணமாக இருக்கிறது. அக்காரணத்தை நீக்காமல் குருத்தெலும்பை மட்டும் சீரமைத்தால், சீரமைத்த இடம் அதே விசையால் மீண்டும் சிதையும். ஆகவே இன்றைய அறுவைகளில் குருத்தெலும்பைச் சரிசெய்வதும் எலும்பைத் திருத்துவதும் பெரும்பாலும் ஒரே அமர்வில் நடைபெறுகின்றன.

மூட்டின் அமைப்பும் அது தாங்கும் சுமையும்

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு ஆகும். தொடையெலும்பின் உருண்டையான தலை பந்தாகவும், இடுப்பெலும்பிலுள்ள கிண்ணக்குழி அதனை ஏந்தும் கிண்ணமாகவும் அமைந்துள்ளன. இரண்டின் மேற்பரப்பையும் ஹயலின் குருத்தெலும்பு என்னும் வழவழப்பான, நீலம் கலந்த வெண்ணிறத் திசு மூடியிருக்கிறது. இடுப்பில் இதன் தடிமன் ஏறத்தாழ 1 முதல் 3 மில்லிமீட்டர் வரையே. கிண்ணக்குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் எனப்படும் நார்க்குருத்தெலும்பு வளையம் உண்டு. அழுத்தச் சமையற்கலத்தின் ரப்பர் வளையம் நீராவியை அடைத்து வைப்பதைப்போல இவ்வளையம் மூட்டுத் திரவத்தை உள்ளேயே அடைத்து வைக்கிறது. அத்திரவம் சுமையின் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்வதால் குருத்தெலும்பின்மீது விழும் அழுத்தம் குறைகிறது.

இம்மூட்டு தாங்கும் சுமையை ஓர் எளிய நெம்புகோல் கணக்கால் மதிப்பிடலாம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்பதாகக் கொள்வோம். ஊன்றிய காலின் எடையைக் கழித்தால் ஏறத்தாழ 50 கிலோகிராம் அந்த மூட்டின்மேல் அமர்கிறது. இந்த எடையின் மையம் மூட்டிலிருந்து உடலின் நடுப்பக்கமாக ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. உடல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் மறுபக்கத்திலிருந்து இழுத்துப் பிடிப்பவை புட்டத்தின் பக்கவாட்டுத் தசைகள். அவற்றின் நெம்புகைத் தொலைவு 5 சென்டிமீட்டர் அளவே. எனவே தசைகள் 100 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் இழுக்க வேண்டியுள்ளது. இரண்டையும் கூட்டினால் மூட்டின்மேல் விழுவது 150 கிலோகிராம். அதாவது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு. இது தோராயக் கணக்குதான். ஆயினும் பெர்லினில் ஜார்ஜ் பெர்க்மன் குழுவினர் உணரிகள் பொதிந்த செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்குப் பொருத்தி அளந்தபோது, இயல்பான நடையில் கிடைத்த உச்ச விசையும் இதனை ஒட்டியே இருந்தது. கால் இடறித் தடுமாறிய தருணங்களில் உடல் எடையின் எட்டு மடங்குக்கு மேலும் பதிவாயிற்று.

ஒவ்வோர் அடியிலும் இவ்வளவு விசையை ஏற்கும் பரப்பின் உராய்வுக் கெழு, பனிக்கட்டிமேல் பனிக்கட்டி சறுக்கும்போது உள்ளதைவிடவும் குறைவாக இருக்கக்கூடியது. மனிதர் செய்த தாங்கிகளில் எண்ணெய் மாற்றமின்றி எழுபது ஆண்டுகள் இப்படி ஓடுபவை உண்டா என்று இயந்திரவியல் படித்தவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

குருத்தெலும்பு தானே ஆறாமைக்குக் காரணம்

குருத்தெலும்பின் எடையில் பெரும்பகுதி நீர். எஞ்சியதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, வலைபோல் பின்னிய கொலாசன் இழைகள். மற்றொன்று, அவ்வலைக்குள் சிக்கி நீரை ஈர்த்து வைத்திருக்கும் புரோட்டியோகிளைக்கன் மூலக்கூறுகள். சுமை விழும்போது நீர் மெதுவாகப் பிழியப்பட்டு வெளியேறுகிறது. சுமை நீங்கியதும் மீண்டும் உள்ளே வருகிறது. இடையிடையே மிகக் குறைந்த எண்ணிக்கையில் குருத்தெலும்பு உயிரணுக்கள் தனித்தனியே பதிந்துள்ளன.

இத்திசுவில் குருதிக்குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. தோலில் காயம் பட்டால் குருதி உறைந்து, அதன்வழியே பழுதுபார்க்கும் உயிரணுக்கள் வந்து சேர்கின்றன. குருத்தெலும்பில் அந்த முதல் படியே நிகழ்வதில்லை. நரம்பு இல்லாததால் சேதத்தின் தொடக்கத்தில் வலியும் தெரிவதில்லை. இலண்டனில் வாழ்ந்த உடற்கூற்றியலாளர் வில்லியம் ஹண்டர், அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று 1743 ஆம் ஆண்டிலேயே அரச கழகத்துக்கு அளித்த கட்டுரையில் எழுதினார். அவர் கண்டது இன்றளவும் பெரிதாக மாறவில்லை. 2016 ஆம் ஆண்டில் டென்மார்க்கு ஆய்வாளர்கள், 1950களிலும் 1960களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 அளவைக் கொண்டு, முழங்கால் குருத்தெலும்பிலுள்ள கொலாசனின் வயதைக் கணித்தனர். வளர்ந்த மனிதரில் அந்தக் கொலாசன் புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம் என்பது அவர்களது முடிவு. பதின்ம வயதில் நெய்த வலையுடனேயே வாழ்நாள் முழுவதும் நடக்கிறோம்.

சேதம் உண்டாகும் விதம்

விபத்தில் மூட்டு நழுவுதல், தொடையெலும்புத் தலைக்குக் குருதியோட்டம் தடைப்பட்டு எலும்பு இறத்தல், குழந்தைப் பருவ மூட்டு நோய்கள் முதலியவை குருத்தெலும்பைச் சிதைக்கும். கிண்ணக்குழி ஆழமின்றி வளர்ந்திருந்தால், முழுச் சுமையும் சிறு பரப்பில் குவிந்து விளிம்புப் பகுதி விரைவில் தேயும்.

இவற்றைவிட நெடுங்காலம் கவனிக்கப்படாதிருந்த காரணம் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ரைன்ஹோல்ட் கன்ஸ் தம் குழுவினருடன் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை அதனை விளக்கியது. தொடையெலும்பின் கழுத்தும் கிண்ணக்குழியின் விளிம்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் இளம் வயதிலேயே மூட்டு தேய்கிறது என்பது அவர்களது கருத்து. இதனை எலும்பு முட்டல் எனலாம். இதில் இரு வகைகள் உள்ளன.

முதல் வகைக்குக் கேம் வகை என்று பெயர். தொடையெலும்புத் தலை முழு வட்டமாக இல்லாமல், கழுத்தோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும். எஞ்சின்களில் வால்வைத் திறக்கும் கேம் எனும் வட்டமற்ற சக்கரத்தை அறிந்தவர்களுக்குப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். காலை ஆழமாக மடக்கும்போது அந்தப் புடைப்பு கிண்ணக்குழிக்குள் நுழைந்து, அங்குள்ள குருத்தெலும்பை எலும்பிலிருந்து உரித்துத் தள்ளுகிறது. இதனால், தரையோடு ஒட்டிய விரிப்பு ஒரு முனையில் பெயர்ந்து உப்பி நிற்பதுபோல, மேற்பரப்பு கிழியாமலே அடியில் குருத்தெலும்பு விலகிவிடுகிறது. இரண்டாவது, கிடுக்கி வகை. இதில் கிண்ணக்குழியின் விளிம்பு அளவுக்கு மீறி நீண்டிருப்பதால் லேப்ரம் நசுங்குகிறது. பலரிடம் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன. எனினும் எலும்பு இவ்வடிவில் இருப்போர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வலி இல்லாத பலரின் படங்களிலும் இப்புடைப்பு தென்படுவதால், படத்தை மட்டும் பார்த்து அறுவையை முடிவு செய்வது சரியன்று.

நோயறிதல்

தமிழில் 'இடுப்பு வலி' என்று சொல்லும்போது பெரும்பாலும் கீழ்முதுகு வலியே குறிக்கப்படுகிறது. இடுப்பு மூட்டிலிருந்து எழும் வலியோ, தொடையும் வயிறும் சேரும் கவட்டிப் பகுதியில் உணரப்படுவது. சிலருக்கு முழங்கால்வரை பரவும். குந்தி உட்காரும்போதும், தாழ்வான இருக்கையில் நெடுநேரம் இருந்து எழும்போதும் வலி கூடும். இந்தச் சொற்குழப்பத்தால் முதுகெலும்பை மட்டும் படம் எடுத்துப் பார்த்துக் காலம் கடத்த நேரிடலாம். காலத்தாழ்வு இந்நோயில் பொருட்படுத்த வேண்டியது. ஏனெனில் சீரமைப்பு பயன் தருவது சேதம் சிறிதாக இருக்கும்போதுதான்.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் குருத்தெலும்பு தெரியாது. தலைக்கும் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள வெற்று இடைவெளியாகவே அது தோன்றும். அந்த இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிட்டால் மூட்டைக் காக்கும் அறுவைகளின் பலன் மிகவும் குறைகிறது. காந்த ஒத்ததிர்வுப் படம் குருத்தெலும்பையும் லேப்ரத்தையும் காட்டும். ஆனால் மேற்சொன்ன, உப்பிய விரிப்பைப் போன்ற விலகல் அதிலும் தப்பிவிடக்கூடும். சேதத்தின் முழு அளவு பெரும்பாலும் அறுவையின்போதுதான் தெரியவருகிறது. ஆகவே மருத்துவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளுக்கு ஆயத்தமாகவே அறுவை அரங்கினுள் செல்கிறார்.

மூட்டுக்குள் செல்லும் வழிகள்

1931 ஆம் ஆண்டில் நியூயார்க்கு மருத்துவர் மைக்கேல் பர்மன், இறந்தோர் உடல்களில் பல மூட்டுகளுக்குள் உள்நோக்கியைச் செலுத்திப் பார்த்தார். இடுப்பில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே ஊசியை நுழைக்க இயலாது என்று அவர் எழுதினார். உயிருள்ள நோயாளிகளின் இடுப்பு மூட்டை உள்நோக்கியால் பார்த்ததை ஜப்பானின் கென்ஜி தக்காகி 1939 ஆம் ஆண்டில் அறிவித்தார். பர்மன் கண்ட தடையைத் தாண்ட உதவியது காலை இழுத்துப் பிடிக்கும் முறை. நோயாளியை மயக்க நிலையில் வைத்து, தனி மேசையில் காலை இழுத்தால் மூட்டு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விலகும். அந்த இடைவெளியில் உள்நோக்கியும் கருவிகளும் செல்கின்றன. இவ்விழுவையால் தொடை இடுக்கிலுள்ள நரம்பு அழுந்தி அப்பகுதி சில காலம் மரத்துப்போவது அறியப்பட்ட பக்கவிளைவு. அதனால் இழுவை நேரத்தை இரண்டு மணிக்குள் முடிக்க முயல்கின்றனர்.

மற்றொரு வழி, மூட்டைத் திறந்து பந்தைக் கிண்ணத்திலிருந்து முழுவதும் வெளியே எடுப்பது. தொடையெலும்புத் தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி அறுபட்டால் தலையே இறந்துவிடும் என்பதால் இதனை மருத்துவர்கள் அஞ்சினர். கன்ஸ் குழுவினர் அந்தத் தமனியின் பாதையைத் துல்லியமாக ஆராய்ந்து, அதனைத் தொடாமல் மூட்டை நழுவச் செய்யும் வழியைக் கண்டனர். 2001 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட 213 இடுப்புகளில் ஒன்றில்கூடத் தலை இறக்கவில்லை. எலும்பு முட்டலை அவர்கள் நேரில் கண்டு விளக்க முடிந்ததும் இந்த வழி திறந்ததால்தான்.

சீரமைப்பு முறைகள்

மிக எளியது, தொங்கிக்கொண்டிருக்கும் கிழிசல்களை வெட்டி வழவழப்பாக்குவது. இது வலியைக் குறைக்கலாம். இழந்த திசுவைத் தராது. குருத்தெலும்பு அடியில் மட்டும் விலகி, மேற்பரப்பு முழுமையாக இருந்தால் அதனை வெட்டி எறியாமல் ஃபைப்ரின் பசையால் மீண்டும் எலும்போடு ஒட்டலாம். ஃபைப்ரின் என்பது குருதி உறையும்போது உருவாகும் புரதம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் வில்லர் குழுவினர் இடுப்பில் இம்முறையைக் கையாண்டு முடிவுகளை வெளியிட்டுள்ளனர். சொந்தத் திசுவை இருந்த இடத்திலேயே வைத்துக்கொள்வது இதன் சிறப்பு.

குருத்தெலும்பு எலும்புவரை முற்றிலும் போய்விட்ட இடங்களில் நெடுங்காலம் கையாளப்பட்டது நுண்முறிவு முறை. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் 1980களில் முழங்காலுக்காக இதனை உருவாக்கினார். சிதைந்த பகுதியைச் சுத்தம் செய்து, ஓரங்களைச் செங்குத்தாக்கி, அடியிலுள்ள எலும்பில் கூர்முனைக் கருவியால் 3 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் சிறு துளைகள் இடுவர். எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் குருதி அங்கு உறைந்து கட்டியாகும். அதிலுள்ள குருத்தணுக்கள் சில மாதங்களில் புதிய திசுவை உருவாக்கும். குருத்தெலும்புக்கு இயற்கை தராத குருதி உறைவைச் செயற்கையாக வரவழைப்பதே இதன் அடிப்படை. ஆனால் இவ்வாறு உருவாவது பெரும்பாலும் ஹயலின் குருத்தெலும்பு அன்று. தழும்பை ஒத்த நார்க்குருத்தெலும்பு. அதன் கொலாசன் வகையும் வேறு, தாங்குதிறனும் குறைவு. மார்க் பிலிப்பான் குழுவினர் 2008 ஆம் ஆண்டில், நுண்முறிவு செய்து பின்னர் மற்றொரு காரணத்துக்காக மீண்டும் உள்நோக்கப்பட்ட 9 இடுப்புகளை ஆராய்ந்தபோது, குறையிடங்கள் சராசரியாக 91 விழுக்காடு நிரம்பியிருந்தன. இடம் நிரம்பியது உண்மை. ஆனால் நிரப்பிய பொருள் பழைய பொருள் அன்று என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

உறைந்த கட்டி சுமையால் பெயர்ந்துவிடாமல் இருக்க, துளையிட்ட இடத்தின்மேல் கொலாசன் படலம் ஒன்றைப் பொருத்துவது அடுத்த வளர்ச்சி. பன்றியிலிருந்து பெற்ற கொலாசனால் ஆன இப்படலத்தைத் தேவையான அளவில் வெட்டி ஃபைப்ரின் பசையால் ஒட்டுவர். இத்தாலியில் அந்திரேயா ஃபொன்டானா 147 நோயாளிகளைக் கொண்டு 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பீடு கவனிக்கத்தக்கது. முதலாண்டில் இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் தந்தன. அதன்பின் நுண்முறிவு மட்டும் செய்தவர்களின் நிலை மெல்லச் சரிந்தது. படலம் பொருத்தியவர்களின் நலம் ஐந்தாண்டுகள் நிலைத்தது. நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாததால் இதனை இறுதி முடிவாகக் கொள்ள இயலாது.

உயிரணு வளர்ப்பு முறை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நோயாளியின் மூட்டில் சுமை விழாத பகுதியிலிருந்து சிறிதளவு குருத்தெலும்பை எடுத்து, ஆய்வகத்தில் சில வாரங்கள் உயிரணுக்களைப் பெருக்கி, இரண்டாம் அறுவையில் குறையிடத்தில் வைப்பர். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் லார்ஸ் பீட்டர்சன், மட்ஸ் பிரிட்பெர்க் குழுவினர் 1987 ஆம் ஆண்டில் முழங்காலில் இதனைத் தொடங்கி, 23 நோயாளிகளின் முடிவுகளை 1994 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இவ்வகைத் தயாரிப்புகளுக்கு 1997 ஆம் ஆண்டிலும், படலத்தில் பதித்த வடிவுக்கு 2016 ஆம் ஆண்டிலும் ஒப்புதல் அளித்தது. இரண்டு ஒப்புதல்களும் முழங்காலுக்கே. இடுப்பில் இதனைச் செய்வோர் ஐரோப்பாவில் உள்ளனர். இரு அறுவைகளும் ஆய்வகச் செலவும் இதற்குப் பெருந்தடைகளாகும்.

தொடையெலும்புத் தலையில் எலும்பும் சேர்ந்து சிதைந்திருந்தால், அங்கேரியின் லாஸ்லோ ஹங்கோடி 1990களில் வளர்த்தெடுத்த பதியமுறை உதவும். ஆரோக்கியமான இடத்திலிருந்து எலும்போடு கூடிய சிறு உருளைகளை எடுத்து, குறையிடத்தில் தரையோடு பதிப்பதுபோல அடுக்குவர். உண்மையான ஹயலின் குருத்தெலும்பு கிடைப்பது இதில் மட்டுமே உறுதி. ஆனால் எடுத்த இடத்தில் புதிய குறை உண்டாகிறது.

எலும்பைத் திருத்துதல்

கேம் புடைப்பைச் சுழலும் அரம் போன்ற கருவியால் அரைத்துக் கழுத்தின் வளைவை மீட்பர். குறைவாக அரைத்தால் முட்டல் தொடரும். அளவுக்கு மீறி அரைத்தால் கழுத்து முறியும் இடர் உண்டு. கிழிந்த லேப்ரத்தை வெட்டாமல் சிறு நங்கூரங்களால் எலும்போடு தைப்பது இன்றைய வழக்கம். கிண்ணக்குழி ஆழமற்றதாக இருந்தால் இவை போதா. கன்ஸ் 1984 ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்த அறுவையில், கிண்ணக்குழியைச் சுற்றியுள்ள எலும்பை வெட்டி, கிண்ணத்தையே திருப்பி, தலையை நன்றாக மூடும்படி பொருத்துகின்றனர். இது பெரிய அறுவையாகும்.

அறுவைக்குப் பிந்தைய காலம்

நுண்முறிவோ படலமோ செய்தவர்கள் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் ஊன்றுகோல்களுடன், காலில் சிறிதளவே எடை வைத்து நடக்க வேண்டும். அதேவேளை மூட்டு அசையாமலும் இருக்கக் கூடாது. குருத்தெலும்புக்கு ஊட்டம் வருவது மூட்டுத் திரவம் உள்ளும் புறமும் பிழியப்படுவதால்தான். மேலும் அசைவு, உள்ளே ஒட்டுத்திசு உருவாவதைத் தடுக்கிறது. எடையின்றி அசைவு என்னும் இந்த ஒழுங்குக்காக மிதிவண்டிப் பயிற்சிக் கருவியில் தடையில்லாமல் மிதிக்கச் செய்வர். ஓட்டமும் விளையாட்டும் பல மாதங்கள் தள்ளிப்போகும். இந்த வாரங்களில் வேலைக்குச் செல்ல இயலாமையையும் வீட்டில் துணை தேவைப்படுவதையும் அறுவைக்கு முன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

பலன்களும் வரம்புகளும்

எலும்பு முட்டலுக்கான உள்நோக்கி அறுவையை இயன்முறை மருத்துவத்துடன் ஒப்பிட்டு, பிரித்தானியாவில் 23 மருத்துவமனைகளில் 348 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2018 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் இரு குழுவினரும் முன்னேறியிருந்தனர். 100 புள்ளி அளவுகோலில் அறுவைக் குழு 6.8 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றது. இது நோயாளி உணரக்கூடிய வேறுபாடுதான். ஆனால் பெரியது அன்று. குருத்தெலும்புச் சீரமைப்பை மட்டும் தனியே இவ்வாய்வு அளக்கவில்லை.

மூட்டு பரவலாகத் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசும் நிலை வந்தபின் மேற்கண்ட முறைகள் எவையும் பயன்படா. அப்போது உரியது, இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962 ஆம் ஆண்டில் நிலைபெறச் செய்த மூட்டு மாற்று அறுவையே. அது மிகச் சிறந்த பலன் தரும் அறுவைகளுள் ஒன்று. அப்படியாயின் இளையோருக்கும் நேரடியாக அதையே செய்தால் என்ன என்று கேட்கலாம். 2019 ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வின்படி, மாற்று இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. 70 வயதைக் கடந்தவருக்கு மூட்டை மீண்டும் மாற்ற நேரும் வாய்ப்பு வாழ்நாளில் 5 விழுக்காடு அளவே. 50களின் தொடக்கத்திலுள்ள ஆண்களுக்கு அது 35 விழுக்காடு வரை செல்கிறது என்று 2017 ஆம் ஆண்டின் பிரித்தானிய ஆய்வு ஒன்று கணித்தது. இரண்டாம் மாற்றம் முதலாவதைவிடக் கடினமானது. முப்பது வயதில் மூட்டுச் சேதம் கண்டவருக்குச் சீரமைப்பால் சொந்த மூட்டு இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தாலும், அந்த இரண்டாம் அறுவை அவர் வாழ்நாளில் தேவைப்படாமலே போகும் வாய்ப்பு கூடுகிறது.